எல்வர்த்தன் பிரபு பேசியவை: மொத்தம் பதினொன்று

கோத்தகிரி கிளப் நூலகத்தின் பின்னறையில்
பக்கத்துக்கு மூன்று ரூபாய் எனக்கு.
பிரபுக்கள் சபையின் விவாதத் தொகுதிகளைப் புரட்டி
யார், எந்தத் தேதி, எதைப் பற்றி என்று
கணினியில் ஏற்ற வேண்டும்.
ஞானாதிக்கம் சார் சுவரில் ஒட்டிய விதிகளில் நான்காவது:
உள்ளது உள்ளபடி. ஊகிக்கக் கூடாது.

இந்த வாரம் எல்வர்த்தன் பிரபு.
இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்து
பதினொரு முறை வாய் திறந்தவர்.
தன் ஆற்றில் சால்மன் மீன் குறைவதைப் பற்றி ஆறு.
சுங்கச் சாவடி, ஒன்று.
அகாலத்தில் அடிக்கும் தேவாலய மணி, ஒன்று.
'கோமகன் சொன்னது என் காதில் விழவில்லை';
அதுவும் ஒரு பேச்சாகத்தான் கணக்கு.

தலைப்புக் கட்டத்தில் நான் இட வேண்டிய சொல்
பங்களிப்பு.
பங்கை அளிப்பது.
யார் பங்கை என்று கேட்க
அந்தக் கட்டத்தில் இடமில்லை.

எட்டாவது பேச்சில்
எங்கள் மலைக்கு வருகிறார்.
கப்பலேறி அல்ல, மைத்துனரின் கடிதமேறி.
புல்வெளி என்கிறார், நீரோடை என்கிறார்,
காப்பிக்கு ஏற்ற சரிவு என்கிறார்,
ஏக்கருக்கு இன்ன விலை என்கிறார்.
சபையில் அன்று பதினேழு பேர்.
'கேளுங்கள், கேளுங்கள்' என்று ஒரு குரல்.
யாரையும் கேட்கவில்லை.

பிறகு அந்த வாக்கியம்:
குடிகள் இல்லாத நிலம்.
அப்படித்தான் அச்சாகியிருக்க வேண்டும்.
தமிழில் 'இல்லை' கடைசியில் வரும்,
ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தாய்
முன்னால் வந்து வழிமறிக்கும்.
அந்த இரண்டெழுத்தை
இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது.
பின்னட்டையிலிருந்து கிளம்பி
ரயில் மசோதா, ஓர் ஆயரின் மறுப்பு,
சாராய வரி என்று நாற்பது தாள் துளைத்து
சரியாக அங்கே.
ஓட்டை வழியே
அடுத்த தாளின் காற்புள்ளி தெரிகிறது.

கோத்தர்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறார்கள்.
மைத்துனர் கடிதத்தின் தலைப்பில்
இந்த ஊர்ப் பெயரைத்தானே எழுதியிருப்பார்?

உள்ளது உள்ளபடி தட்டினேன்:
குடிகள் இருக்கும் நிலம்.

ஞானாதிக்கம் சார் வந்தார்.
தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.
சுவரைப் பார்த்தார்.
டீ ஆறுது என்றார்.

அந்தப் பேச்சால் ஒன்றும் ஆகவில்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
ஏழேகாலுக்குப் பிரேரணையைத்
திரும்பப் பெற்றுக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.
நிலம் அதற்கு முன்பே போயிருந்தது.

ஒன்பதாவது:
சபையின் மேற்குச் சன்னல் வழியே குளிர்காற்று வருகிறது,
கழுத்துப் பிடித்துக்கொண்டது,
யாராவது கவனிக்க வேண்டும்.
இங்கேயும் மஞ்சு இறங்கி
விசைப்பலகை ஈரமாகிவிட்டது.
எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன்.
மீதி இரண்டும் சால்மன்தான்.