சீட்டு

ஒன்பதாவது மாதம் எனக்குச் சீட்டு விழுந்தது.
பரீனா ராத்தா இரண்டு தரம் எண்ணிக் கொடுத்ததைப்
பாண் பைக்குள் சுருட்டிக்கொண்டு
லிஃப்ற் வேலைசெய்யாத நாலு மாடி ஏறினேன்.
அந்தச் சீட்டில் இந்தச் சீட்டு வாங்க வேண்டும்:
கோலாலம்பூர், நாலு பேர், சித்திரை விடுமுறை.

கொட்டாஞ்சேனையில் கடைசி பஸ் திரும்பிய பிறகு
ஆரோனின் கணக்குக் கொப்பியைப் பின்பக்கமாகத் திறந்து
கோடு கீறினேன். மூன்று கம்பனி.
ஒன்று, நடுச்சாமம் ஒன்றரைக்குக் கிளம்புவது.
ஒன்று, சொன்ன நேரத்துக்குக் கிளம்பியதே இல்லையென்று
கந்தோரில் துஷ்யந்தி இன்னும் திட்டிக்கொண்டிருப்பது.
மூன்றாவது நல்லது.
நல்லதென்று தெரிந்ததும் அதை வெட்டிவிட்டேன்.

மலிவு என்று போட்டவன் பொய் சொல்லவில்லை.
ஆள் மட்டும் போனால் அந்த விலைதான்.
உடுப்பில்லாமல், பசியில்லாமல்,
பக்கத்தில் ஒருவருமில்லாமல்.

பெட்டிக்குக் காசு. சோற்றுக்குக் காசு.
காசு கட்டுவதற்கும் ஒரு காசு.
ஒன்றரை மணி விமானத்துக்குக்
கட்டுநாயக்காவுக்கு பஸ் இருக்காது, வேன் பிடிக்க வேண்டும்,
ஹைவே காசு வேறு.
எழுத எழுத
மலிவானது நுனிக்காலில் எழும்பி
நான் வெட்டியதன் தோளைத் தொட்டது.

கைப்பை ஏழு கிலோ.
நாலாம் குறுக்குத் தெருவில் கருவாடு நிறுக்கிற
கொக்கித் தராசை ஜெறாட் கொண்டுவந்திருந்தார்.
பையைக் கொழுவியதும் வீடு முழுக்கக் கட்டாக் கருவாடு.
ஏழு கிலோ எண்ணூறு.
மெலனியின் முடி நேராக்குகிற சாமான் மட்டும் அறுநூறு கிராம்;
அதை எடுத்தால் அவளையும் எடுத்துவிடச் சொன்னாள்.
"நீங்கள் மூன்று சேட்டை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போடுங்கோ"
என்று பகிடிக்குச் சொன்னேன்.
எந்த மூன்று என்று கேட்டார்.

பிறகு கதிரைகள்.
பக்கம் பக்கமாக இருக்க ஆளுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு,
போகவும் வரவும் இருபத்திரண்டாயிரத்து நானூறு.
கட்டாவிட்டால் கணினி எங்களைக் குலுக்கிப் போடும்,
அதுவும் சீட்டுத்தான், கட்டு அதன் கையில்.
"மூன்றே முக்கால் மணித்தியாலம்.
பிரிஞ்சிருந்தால் செத்தா போவம்?"
என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்
ஆறு வருடம் தோஹாவில் இருந்த மனிசன்.

அந்த ஆறு வருடம்
பிரிந்திருக்க எங்களுக்குச் சம்பளம் தந்தார்கள்.
சேர்ந்திருக்கத்தான் விலை என்று
எனக்கு இன்றைக்குத்தான் கணக்கில் வந்தது.
கொப்பியில் அதற்குப் பத்தி இல்லை.

திரையின் மூலையில் மணிக்கூடு பின்னோக்கி ஓடியது.
யோசித்து முடிப்பதற்குள் விலை மூவாயிரம் ஏறியது.
ஆரோன் நித்திரையில் காலால் சுவரை உதைத்தான்.
இதுவரை அவன் ஏறிய உயரம்
எங்கள் நாலாம் மாடி.

போகும்போது நாலு கதிரையும் சேர்த்து எடுத்தேன்.
வரும்போது எடுக்கவில்லை.
ஐந்து நாள் ஒரே அறையில் இருந்தபின்
எங்களைக் கலைத்துப் போட
யாராவது தேவைப்படும்.

வங்கியின் இரகசிய இலக்கம் அவருடைய போனுக்குப் போனது,
போன் தலையணைக்குக் கீழே.
தோளைத் தட்டினேன்.
ஒரு கண்ணால் வாசித்தார்:
நாலு, சைபர், ஏழு, ஏழு,
ஒன்று, பிறகு... ஒன்பது.
நான் அழுத்தினேன். சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது.
சீட்டு வந்துவிட்டது.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்,
ஆறு வருடமும் கொம்பனி எடுத்துக் கொடுத்த
நடுக்கதிரையில் போய்வந்தவர்,
தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"ஜன்னல் ஆருக்கு?" என்றார்.