தோள் அளவு

அரை சென்டிமீட்டர்தான் விடுவாங்க.
அதுக்கு மேல தோள் ஏறினாலும் இறங்கினாலும்
செவப்பு ஸ்டிக்கர், பீஸ் திரும்பிப் போயிரும்.
ஆறு வருசம் செக்கிங் மேசையில நின்னவ நான்,
பெருமாநல்லூர் ரோட்டுல,
டியூப்லைட்டுக்கு அடியில.
பதினோராம் நாள் பையனைக் குளிக்க வைக்கையில
கை தானாத்தான் அங்க போச்சு.

கழுத்துல இருந்து தோளுக்கு
ஒரு எலும்பு ஓடோணும் இல்லீங்களா,
வெரல்ல தட்டலை.
எண்ணெய் வழுக்குதுன்னு நெனச்சேன்.
தொடச்சுட்டுப் பார்த்தேன்.
வலப்பக்கம் அவரைக்கொட்டையாட்ட ஒரு துண்டு.
எடப்பக்கம் அதுவும் இல்லை.
சாயங்காலம் வரைக்கும் யாருகிட்டயும் சொல்லலை.

டாக்டரம்மா படத்தை ஜன்னலுக்கு நேராப் புடிச்சாங்க.
வெளிய ஒரு சாயப்பட்டறை லாரி
பாட்டோட ரிவர்ஸ் எடுத்துட்டு இருந்துச்சு.
விலாவெல்லாம் சீப்புப் பல்லாட்ட வரிசை.
அதுக்கு மேல கறுப்பு.
காறை எலும்பு, பத்து லட்சத்துல ஒருத்தருக்கு, ன்னாங்க.
காறைன்னா கழுத்துல போடறதுன்னுதான் எனக்குத் தெரியும்.

பொறவு பையனை விட்டுட்டு
இவரைப் பார்த்தாங்க. நெத்தியை. வாயைத் தொறக்கச் சொல்லி
டார்ச் அடிச்சு எண்ணுனாங்க:
"பால்பல்லு இன்னும் நாலு இருக்குதுங்களே?
ரெண்டு தோளையும் முன்னால கொண்டு வாங்க."

இவரு என்னைப் பார்த்தாரு.
மேல் பட்டனைக் கழட்டினாரு.
பள்ளிக்கூடத்துல ரெண்டு ரூவாய்க்குக் காட்டுன வித்தையாமா;
ரெண்டு தோளும் நெஞ்சுக்கு நேரா வந்து ஒட்டிக்கிச்சு,
சாத்துன கதவாட்ட.

இந்தத் தோள்லதான்
பதினாறு வருசமா நூல் மூட்டை ஏறி எறங்குது.
அப்படிச் சுருட்டிட்டுத்தான் தூங்குவாரு.
குளிருன்னு நெனச்சு
நாலு வருசமாப் போர்த்தி விட்டுட்டு இருந்தேன்.

ஆபரேசன் எதுவும் வேண்டாமுங்க. உச்சிக்குழி மூட நாளாகும்,
பல்லைப் பார்த்துக்கோணும், காது கேக்குதான்னு பார்க்கோணும்.
சீட்டு எழுதிக் குடுத்தாங்க.

பஸ்ஸுல இவரு வாயே தொறக்கலை.
எறங்கறதுக்குக் கொஞ்சம் முன்னால,
"நான் குடுத்ததுதானா?"ன்னாரு.
இல்லைன்னு சொல்ல வாய் வரலை.
"உங்களைப் பாஸ் பண்ணுனவ நான்தானே"ன்னேன்.
சிரிச்சாரா என்னன்னு தெரியலை,
பையனோட குல்லாயைச் சரி பண்ணிட்டு இருந்தாரு.

ராத்திரி கரண்ட் போயிருந்துச்சு.
சட்டையில்லாம வந்து பக்கத்துல உக்காந்தவரு,
"சித்தெ இங்க தொட்டுப் பாரு"ன்னாரு,
தனக்கே இப்பத்தான் தெரிஞ்ச எடமாட்ட.
சூடா இருந்துச்சு. அடியில நரம்பு துடிச்சுது.
இன்னும் கொஞ்சம் தள்ளி, வலப்பக்கம்,
ஒரு துண்டு தட்டுச்சு,
அவரைக்கொட்டையைவிடக் கொஞ்சம் பெருசு.