ஒற்றைக் கண்

ஔலுவில் ஜனவரிச் சூரியன் எழுவதில்லை.
மரங்களின் முழங்கால் உயரத்தில் பக்கவாட்டாய் நகர்ந்து
இரண்டரை மணிக்குக் கடையைச் சாத்திவிடுகிறது.
அதனால் கேமராவில்தான் தொடங்கினேன்.
வெயிலை நேருக்கு நேர் பார்த்துவிட்டு
மறுநொடி ஸ்ப்ரூஸ் இருட்டுக்குள் நுழைந்தாலும்
கிளை எது வானம் எது என்று குழம்பாத ஒன்று.

டயர் கடை மேசையில் நான்கை வரிசையாய் வைத்தாள் தூலிக்கி.
நான்கும் சேர்ந்து ஒரு சக்கர போல்ட்டின் கனம் இல்லை.
ஒன்றில் பனி நீலமாய் இருந்தது.
ஒன்றில் பனியே இல்லை, ஜன்னல் இருந்த இடத்தில் வெள்ளைக் கிழிசல்.
மூன்றாவதில் என் கைகள் ஆரஞ்சாய் வெந்திருந்தன.
நான்காவது அழகில்லை,
சாம்பலும் பழுப்புமாய், பழைய கோட்டின் உட்துணி.
ஆனால் வெளியே மின்கம்பியும் தெரிந்தது,
உள்ளே மூலையில் ஜாக்கியின் பல்லும் தெரிந்தது.
இதுதான் என்றேன். இருபத்தெட்டு யூரோ.

சட்டத்தில் அதை முப்பத்தைந்து பாகை மேல்நோக்கித் திருகினாள்.
சும்மா மிதக்கும்போது வெறும் வானம் பார்க்கும்;
தலை சாய்த்துப் பாய்ந்தால்தான் பாதை தெரியும்.
என் அக்கா லெம்பி வாழ்வது இப்படித்தான்
என்று நினைத்துச் சிரித்தேன்.

காகிள்ஸுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

என் வலது கண் பேருக்குத்தான்.
நான்கு வயதில் இடதை ஒட்டுத்துணியால் மூடி
வலதை உழைக்கச் சொன்னார்கள். அது உழைக்கவில்லை.
ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு:
என் மூளையின் நீதி.
ஊற்றும் காபி கோப்பைக்கு வெளியே விழும்.
எறிந்த சாவியைப் பிடித்ததே இல்லை.
பள்ளியில் அணி பிரிக்கையில்
கடைசியாய், பெருமூச்சோடு சொல்லப்படும் பெயர்.

ஈமெலி தன் புதியதை நீட்டினான்.
டிஜிட்டல். கண்ணுக்கு ஒரு திரை. அறுநூறு யூரோ.
ஊசியிலைகளை எண்ணலாம் என்றான்.
இடப்பக்கம் எண்ணினேன். வலப்பக்கம் பால்.
திருப்பிக் கொடுத்தேன்.
தூரம் தெரியாதவனுக்கு எதற்கடா பந்தயம்.

தூலிக்கி திருப்புளியைக் கீழே வைக்கவில்லை.
"உன் டிரோனில் எத்தனை கேமரா?"
ஒன்று.
"அவனுடையதில்?"

மேசையில் அந்தச் சாம்பல்காரன்
மிளகளவு லென்ஸால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈமெலியின் இரண்டு திரையிலும் வருவது ஒரே படம்.
அவனுக்கும் தூரம் கிடையாது. எவனுக்கும் கிடையாது.
வாசல் எவ்வளவு வேகமாய்ப் பெரிதாகிறது
என்பதை வைத்து ஊகிக்கிறார்கள், அவ்வளவுதான்,
நாற்பத்தொரு வருடமாய் நான்
கதவுகளை, லாரிகளை,
நீட்டப்படும் கைகளை ஊகிப்பதுபோல.

வாங்கியது பெட்டி காகிள்ஸ். பழையது. அனலாக்.
உள்ளே ஒரே பெரிய திரை, மூக்கருகே பஞ்சு பிய்ந்தது,
என் மூக்குக்கண்ணாடியோடு உள்ளே போகலாம்.
மைனஸ் பதினெட்டில் மூச்சு பட்டு மங்கும்;
தூலிக்கி ஒரு குட்டி விசிறி ஒட்டிக்கொடுத்தாள்,
அது நெற்றியில் வண்டுபோல் ரீங்கரித்தது.
படத்தில் எப்போதும் கொஞ்சம் புழுதி.
ஆனால் ஈமெலியின் தெளிவு கிளம்பி வந்துசேர்வதற்குள்
என் புழுதி வந்து உட்கார்ந்துவிடும்.
மணிக்கு நூறில் பறந்தால் அந்த வித்தியாசம்
ஒரு முழம். சில வாசல்களுக்கு ஒரு முழம் போதும்.

ஞாயிறு, உறைந்த ஆற்றுமுகத்தில், ஒன்பது பேர்.
மூன்றாவது வளைவில் படகுக் கொட்டகைக்குப் பின்னே
படம் கிழிந்து பூச்சியாய்ப் பறந்தது.
ஒரு நொடி ஒன்றுமில்லை.
பிறகு கொடி, கொடியின் நிழல், கடைசி வாசல்,
அதற்கப்பால் மடக்கு நாற்காலியில்
முகத்தில் கறுப்புப் பெட்டி கட்டிய ஒரு தடியன்.
வேகமாய்ப் பெரிதானான்.
எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரிந்தது.
பூட்ஸுக்கு இரண்டடி முன்னே இறக்கினேன்.

ஏழாவது இடம். ஈமெலி மூன்றாவது.
பெட்டியைக் கழற்றினேன், உலகம் மறுபடி தட்டை.
"வேனைக் கிளப்பு" என்று தூலிக்கி சாவியை எறிந்தாள்.
பிடிக்கவில்லை.
இருட்டும்வரை பனியில் தேடினோம்.