கண்டபடி எழுதுக

தோ பாயோ, லோரோங் எட்டு, ஒன்பதாம் மாடி.
இரவு பதினொன்றுக்கு மேல்
எனக்கு இங்கிலாந்தில் வேலை.
நெதர் காஃப்டன் என்றொரு கிராமம், ஒரு சர்ச், சுற்றிலும் வயல்.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்று, ஏப்ரல் மூன்று,
ஞாயிறு ராத்திரி
எந்தக் கூரையின் கீழ் யார் யார் தூங்கினார்கள் என்று
ஒருவன் வீடு வீடாகப் போய்க் கிறுக்கியதைக்
கணினியில் ஏற்றித் தர வேண்டும்.
நூறு வரிக்கு ஆறு வெள்ளி.

விதி ஒன்றுதான்.
தமிழில் சொல்லிப் பார்த்துச் சிரித்தேன்:
கண்டபடி எழுதுக.
கண்டபடி எழுதியதற்குத்தான்
உயர்நிலை இரண்டில் என்னை வெளியே நிறுத்தினார்கள்.

பண்ணைக்கூலி. பண்ணைக்கூலி. பண்ணைக்கூலியின் மனைவி.
ஐந்து வயதுப் பொடியனுக்குத் தொழில் 'ஸ்காலர்';
பள்ளிக்கூடம் போகிறானாம்.
அடுத்த வீட்டு ஆல்ஃபிரட் ப்ளாய்ட், வயது எட்டு:
காக்கை விரட்டுபவன்.
நம் பாட்டில், தினைப்புனத்தில் கிளி கடிந்தவளைத் தேடி
மலைநாடன் ஒருவன் வழி கேட்கும் சாக்கில் வருவான்.
ஆல்ஃபிரடைத் தேடி வந்தவன்
இந்தக் கணக்கெடுப்பவன் மட்டும்.

கடைசிக் கட்டம் எல்லாருக்கும் பொது:
செவிடா, குருடா, அசடா, பித்தா.
பெரும்பாலும் வெற்று.
ஒரே ஒரு தாய்க்கு நேரே
ஏதோ எழுதி, பிறகு அடித்திருந்தது.
அடித்ததையும் எழுத வேண்டும் என்பது துணைவிதி.

பதினான்காம் பக்கம், பாதிரியார் வீடு.
அவர், மனைவி, நான்கு பிள்ளைகள், மனைவியின் விதவைத் தங்கை,
சமையற்காரி, தோட்டக்காரப் பையன்,
அப்புறம் அந்த வரி.
உறவு: வேலைக்காரி.
தொழில்: ஆயா.
பிறந்த இடம்: சிங்கப்பூர்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
பெயர், மை ஊறிய ஏழெட்டு ஆங்கில எழுத்து:
மூட்டமா.

முத்தம்மாவா? மூத்தம்மாவா?
கதவருகே நின்று ஒரு தடவை சொல்லியிருப்பாள்.
அவன் 'என்ன?' என்றிருப்பான்.
இன்னொரு தடவை, மெதுவாக.
மூன்றாம் தடவைக்குள் பேனாவில் மை காய்ந்துவிடும்,
இன்னும் பதினொரு வீடு பாக்கி.

வயது இருபத்து நான்கோ, இருபத்து ஒன்பதோ;
லண்டனில் எவனோ கூட்டிச் சரிபார்த்த கோடு
அந்த எண்ணின் மேலேயே ஓடுகிறது.
மற்றவர்களெல்லாம் அடுத்த ஊரிலோ
அதற்கடுத்த ஊரிலோ பிறந்தவர்கள்.
இவளுக்கு ஒரு தீவு முழுவதும் ஊர்.
எந்தத் தெரு? சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கமா?
கப்பல் ஏறும்போது கையில் இருந்தது யார் குழந்தை?
நினைத்ததை எழுதினால் காசைப் பிடிப்பார்கள்.

முத்தம்மா என்று அடித்தேன்.
அழித்தேன்.
மூட்டமா.
குறிப்புப் பெட்டியில் மட்டும்
'தமிழ்ப் பெயராக இருக்கலாம்' என்று போட்டு அனுப்பினேன்.
காலையில் மேற்பார்வையாளர்
(அவரும் ஏதோ ஓர் ஊரில் தூங்காதவர்)
சிவப்பில் திருப்பியிருந்தார்: ஊகம் வேண்டாம்.

அந்த வாரமே எங்களுக்கும் கடிதம் வந்தது.
மக்கள்தொகைக் கணக்கெடுப்பு,
உங்கள் வீடு தேர்வாகியிருக்கிறது,
இணையத்தில் நிரப்பலாம்.
நான். படுக்கையில் அம்மா. பிறகு
அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் சுமார்ணி.
அவளுக்கு ஒற்றைப் பெயர், பெட்டியோ இரண்டு.
ஒன்றை வெற்றாக விட்டால் சிவக்கிறது.
சமையலறையிலிருந்து மாவுக் கையோடு எட்டிப் பார்த்தவள்
இரண்டிலும் அதையே போடச் சொன்னாள்,
பேங்கிலும் அப்படித்தானாம்.

போட்டேன்.
சரிதானா என்று உரக்கப் படித்தேன்.
சிரித்துவிட்டாள். நான்கு வருஷமாக
நான் கூப்பிடுவது அவள் பெயரே இல்லையாம்.
ர்-க்குப் பிறகு நம் நாக்கு தானாக மடிந்துகொள்கிறது;
அவளுக்கு அது பல்லருகே நிற்கிற எழுத்து.
சுமார்னி, என்றாள்.
என்ன? என்றேன்.
இன்னொரு தடவை, மெதுவாக.

அவள் விரலில் மாவு
காயத் தொடங்கியிருந்தது.