வெள்ளை அட்டை

துவாரகநாத் சார் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில்
இடுப்பளவு சுவர்.
பூச்சு அவர் பக்கம் மட்டும்.
அங்கயற்கண்ணி நகர் இரண்டாவது தெரு
அதோடு முடிகிறது.
அப்பால் சீமைக்கருவேல்.
அதற்கப்பால் நிலையூர்க் கண்மாய்,
தண்ணீர் இருக்கிற வருடம் தண்ணீர்.

முப்பத்தொரு வருடம் மின்வாரியத்தில்
வீடு வீடாய் மீட்டர் பார்த்தவர்.
பதினோரு நாய் கடித்திருக்கிறது.
"பதினொண்ணும் பேர் வச்ச நாயிம்மா.
சோறு போட்ட வீட்டுக்கு விசுவாசமாக் கடிச்சுச்சு."
நரிக்கு யாரிடமும் விசுவாசம் கிடையாது.
அது அவருக்குப் பிடித்திருக்கிறது.

முட்டை வெந்த பாத்திரத்தை
வாசற்படி தாண்ட விடாத வீடு அது.
ஆனாலும் சாயங்காலம் ஆறரைக்கு
ராவுத்தர் கோழிக்கடையிலிருந்து
தோலும் காலும் கழுத்துமாய் ஒரு கேரிபேக்,
கையை எட்ட நீட்டி
வேட்டியில் படாமல் தூக்கிவருவார்.

ஒன்பதே காலுக்கு நாகர்கோவில் வண்டி
ஊதிக்கொண்டு போகும்.
கருவேலுக்குள்ளிருந்து ஒன்று பதில் சொல்லும்.
பிறகு எல்லாம்.
என் மகன் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து
"யாரும்மா அந்தப் பாப்பாவ அடிச்சது" என்பான்.

வந்தவற்றை எண்ணி
பழைய வெள்ளை அட்டையில் எழுதுகிறார்,
கரண்டுக்கு எழுதியது போலவே.
தேதி, முன் அளவு, இப்போதைய அளவு, கையெழுத்து.
மூன்று. மூன்று. இரண்டு.
ஒருநாள் ஐந்து, பக்கத்தில் பொடியாய்: குட்டிகள் உட்பட.

தெருவில் ஆளுக்கொரு நியாயம்.
பார்ட்டி இடம் பார்க்க வரும்போது ஊளை கேட்டால்
கமிஷன் போச்சு என்கிறான் பிளாட் விற்கும் சௌந்தரபாண்டி.
நாலாம் வீட்டு ஞானசுந்தரியோ
பேங்க் லோனுக்குப் போகிற அன்று
விடிகாலை நாலரைக்கு எங்கள் மாடியேறி நின்றாள்,
நரி முகத்தில் முழிக்க.
லோன் கிடைத்துவிட்டது.
என்ன வட்டி என்று சொல்லவில்லை.

ரெண்டாயிரத்து நானூறு கொடுத்து
உசிலம்பட்டியில் நான் வாங்கிய கருங்கோழி ஜோடி
ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு
ஒரு கைப்பிடி இறகாய்ப் போனது.
இந்த ஊருக்கு இது புதிதில்லை.
பகலில் குதிரையாய் நின்றவை
ராத்திரி நரியாகி லாயத்தைக் கடித்தன அல்லவா.
கதை சொல்கிறவர்கள்
அடியவர் என்ன ஆனார் என்பார்கள்,
மன்னன் என்ன சொன்னான் என்பார்கள்.
லாயத்தில் முன்பே கட்டிக்கிடந்த
பழைய குதிரைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
நான் கேட்டேன், சுவருக்கு மேலாக, கொஞ்சம் சத்தமாகவே.

உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்தார்.
எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.
மறுநாள் வனத்துறைக்கு மனுவும் எழுதினேன்.
பணம் வாங்கியதை அதில் எழுதவில்லை.

தை பிறந்ததும் ஓசூரில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார்,
கண் ஆபரேஷன்.
சாவி தரவில்லை. அட்டையைத் தந்தார்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை,
பேனா மட்டும் செருகியிருந்தது.

முதல் இரவே மூன்றும் வந்தன.
காலி ஈயத்தட்டை முகர்ந்தன,
ஒன்று நக்கியும் பார்த்தது.
பிறகு சுவரில் முன்காலை ஊன்றி
என் சமையலறை ஜன்னலைப் பார்த்தது.
கெஞ்சவில்லை, முறைக்கவில்லை.
ரீடிங் எடுத்தது.

போன் வந்தது.
"வந்துச்சாம்மா?"
"வரல சார்."
அந்தப் பக்கம் ரொம்ப நேரம் டிவி சத்தம் மட்டும்.
"நல்லதாப் போச்சு.
இனிமே நீங்க தூங்கலாம்."

ஒன்று மட்டும் இன்னும் சுவரோரம் இருந்தது.
அட்டையைப் பிரிட்ஜ் மேல் வைத்து விரித்தேன்.
கட்டவிழ்த்த கண்ணோடு வந்து
அவர் முதலில் படிக்கப்போவது இதைத்தான்.
முன் அளவு, மூன்று.
இப்போதைய அளவு, மூன்று.
கையெழுத்து,
பெ. அன்னமயில்.