ஒரு முடிச்சு

கோணமலைக் கோயில் விளக்கு தெரிகிற தூரம்.
எஞ்சின் சூடு ஆறட்டும் என்று நின்றோம்.
குகதாசன், நூலகத்தில் படித்த
கிரேக்கப் பாட்டைச் சொன்னான்:
ஊர்ப் புகை தெரிந்த பிறகுதான்,
தலைவன் தூங்க,
வெள்ளியென்று தோல்மூட்டையை அவிழ்த்தார்களாம்.
கச்சானும் வாடையும் கொண்டலும் சோளகமும்
ஒரே மூச்சாய்ப் பாய்ந்தனவாம்.

"பேராசை" என்றார் சம்மாட்டி,
பங்குக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றியபடி.

பத்து வருசம் கோட்டை வாசலில் கிடந்து,
வழியிலும் ஊர் எரித்துச் சுருட்டியவன்
அந்தப் பாட்டில் வீரன்.
என் பங்கு எங்கே என்று
முடிச்சில் கைவைத்தவன் பேராசைக்காரன்.
பாடியவனுக்குச் சோறு
எந்த வீட்டிலிருந்து வந்ததோ.

அறுக்குளாவின் மேல் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.
திருக்கடலூர்ப் பக்கம் நாய் குரைத்தது.
சம்மாட்டிக்குக் கண் சொக்கியது.

பொலித்தீனில் ஒரே ஒரு முடிச்சு.