பூஜ்யக் கட்டம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியாயிற்று.
வண்டிகளின் வரிசை ஊரைத் தாண்டி வயல்வரை.
பஸ் ஜன்னலோரம், மடியில் கணினி,
அதில் இரண்டு நாடுகள்.
சேர்த்து வைத்தாலும் நம் ஜில்லாவுக்குக் காணாது.

முதல் நாட்டில் ஒரே ஒரு நைட்ரிக் அமில ஆலை.
அது ஓடிய வருஷங்களில்
கோடு கூன் போட்டு நிற்கிறது.
பழுதுபார்க்க மூடிய வருஷம் படுத்துவிட்டது.
இரண்டாம் நாட்டுக்குப் பூஜ்யம்.
தொண்ணூறிலிருந்து வரிசையாகப் பூஜ்யம்,
கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள் மாதிரி.

ஒப்பிட்டு நாலு வரி கேட்டிருக்கிறார்கள், மாலைக்குள்.
'சுத்தமான நாடு' என்று எழுதினேன்.
அழித்தேன்.
அங்கேயும் சோறுதானே தின்கிறார்கள்,
மூட்டை எந்தத் துறைமுகத்திலிருந்து போகிறது?
அதற்கு இந்த அட்டவணையில் கட்டமில்லை.

இடப்பக்க வயலில்
கலியமூர்த்தி மச்சான் மேலுரம் வீசுகிறார்.
ஐந்து மா குறுவை.
யூரியா வேண்டுமென்றால் இதையும் எடு என்று
சொசைட்டியில் ஏதோ நுண்ணூட்டப் பொட்டலத்தைத்
தலையில் கட்டினார்களாம்.
வடிந்து, வெடித்து, முறைத்தண்ணீரில் மறுபடி நனையும் மண்ணிலிருந்து
அதே வாயுதான் கிளம்பும்.
ஆனால் அது வேளாண்மைத் தாள்.
என்னிடம் இருப்பது தொழிற்சாலைத் தாள்.

சிரிப்பூட்டும் வாயு என்று
ஒன்பதாம் வகுப்பில் படித்தது.
வாளியைத் தூக்கி என்னவோ கேட்கிறார் மச்சான்.
கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்துவைக்கிறேன்.

சரக்கு ரயில்.
நாற்பத்தொரு பெட்டிவரை எண்ணினேன்,
எல்லாம் சாத்தியிருந்தது.
பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள்.
மூன்றாவது வரி இன்னும் 'ஆயினும்' என்பதோடு
நிற்கிறது.